மூன்றாம் ஷெட்டில் எத்தனை?

டிசம்பர் 2, திங்கள்

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் டாக்டர் இளவரசி. எங்கள் முதலாளி சென்னியப்பன் இந்த மாதம் முதல் பண்ணைக்கு வரச் சொல்லியிருக்கும் புதுக் கோழி டாக்டர். வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. நான் இங்கே மேனேஜராகச் சேர்ந்த வருஷம் அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்.

வந்ததும் என் சாவு ரெஜிஸ்டரைக் கேட்டார். எந்த ஷெட்டில் எத்தனை கோழி செத்தது என்று தினமும் எழுதுகிற ரெஜிஸ்டர். மூன்று மாதத்துப் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். "நெம்ப அழகா இருக்குதுங்கண்ணா. இத்தனை சீரான ரெஜிஸ்டரை நான் எந்தப் பண்ணையிலயும் பார்த்ததில்லை" என்றார். ஆள் சின்னவர் என்றாலும் நல்லதைக் கண்டால் வாய்விட்டுச் சொல்கிறார். எருமப்பட்டிச் சாலையில் இருக்கும் அத்தனை பண்ணையிலும் தேடினாலும் அடித்தல் திருத்தல் இல்லாத ரெஜிஸ்டர் இந்த வையாபுரியிடம்தான் கிடைக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். "ரெஜிஸ்டர் அது பாட்டுக்கு இருக்கட்டும். தனியா ஒரு நோட்டுப் போடுங்க. கண்ணுல படறது, காதுல விழறது, எதா இருந்தாலும் எழுதுங்க. நான் கேக்க மாட்டேன். நீங்களாத் தந்தா வாங்கிப் படிக்கறேன்" என்றார். கேட்காத நோட்டை எதற்கு எழுதுவது? ஆனால் முதலாளி பக்கத்தில் நின்று தலையாட்டினார். அதனால் எழுதுகிறேன்.

பண்ணையைப் பற்றி நாலு வார்த்தை. ஒன்றாம் ஷெட்டிலும் இரண்டாம் ஷெட்டிலும் வயதான கோழிகள். பொங்கலுக்கு முன் கறிக்கு விற்றுக் கழித்துவிடுவோம். மூன்றாம் ஷெட்டில் நன்றாக முட்டை வைக்கும் பன்னிரண்டாயிரம் கோழி. அதிலிருந்து முப்பது அடி தள்ளி நாலாம் ஷெட், இப்போது காலி. சாலைக்கு அந்தப் பக்கம் வளர்ப்பு ஷெட்டில் பதினோராயிரம் இளங்கோழி, வயது பதினாறு வாரம். இவற்றை 12ஆம் தேதி பிடித்து நாலாம் ஷெட்டில் விட வேண்டும். அடுத்த ஒன்றரை வருஷத்துக்கு இந்தப் பண்ணை நிற்பது அந்தப் பதினோராயிரத்தின் காலில்தான்.

டிசம்பர் 3, செவ்வாய்

நேற்று எழுத மறந்தது. அந்த டாக்டர் விசில் அடிக்கிறார்! ஷெட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து, டூரிங் டாக்கீஸில் முன்வரிசை ஆட்கள் அடிப்பதுபோல ஒரு விசில். முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கேட்டதற்கு, "சத்தம் கேட்டா எல்லாக் கோழியும் ஒரு நிமிசம் வாய மூடிக்கும்ங்கண்ணா. அந்த அமைதியில எது இருமுது, எதுக்கு மூச்சு இழுக்குதுன்னு காது கண்டுபிடிச்சிரும்" என்றார். கோழிக்கு இருமலாம். மாத்திரை கேட்காமல் இருந்தால் சரி.

மூன்றாம் ஷெட்டில் இன்று ஏழு. ஐந்து என்று எழுதினேன். மீதி இரண்டைக் குறைவாகச் சாகும் நாளில் சேர்த்துக்கொள்வேன். இதில் பொய் ஒன்றும் இல்லை, மாதக் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும். முதலாளிக்கு ஆவணியில்தான் நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. அவர் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட திடுக்குனு எதையும் சொல்லிராதீங்க மாமா" என்று கேட்டுக்கொண்டாள். ஏறி இறங்கும் எண்ணைப் பார்த்து அவர் எதற்குப் படபடக்க வேண்டும்?

டிசம்பர் 4, புதன்

இன்று ஆறு. எழுதியது ஐந்து.

டீக்கடையில் ராக்கியண்ணனைப் பார்த்தேன். மேற்கே முக்கால் கிலோமீட்டரில் இருக்கும் பண்ணைக்கு அவன்தான் மேனேஜர். எங்கள் இரண்டு பேருக்கும் பதினைந்து வருஷமாக ஒரே பேச்சுத்தான். "எத்தனை?" என்பான். "அஞ்சு" என்பேன். "எங்களுக்கு நாலு" என்பான். இன்றும் அப்படியே. நாலாம், பதினைந்தாயிரம் கோழியில்! நம்புகிற மூஞ்சியா அது?

டிசம்பர் 5, வியாழன்

மூன்றாம் ஷெட்டில் ஒன்பது. எழுதியது ஐந்து.

சமையல்கட்டில் ஒரு சண்டை. பாவாயி எங்கள் பண்ணையின் பதினெட்டு ஆட்களுக்கும் சமைப்பவள். விரிசல் விழுந்த முட்டைகள் அவளுக்குத்தான் போகும். "மேனேஜருங், இந்த மூணாம் ஷெட்டு முட்டைய இனி எனக்குக் குடுக்காதீங். ஒடைச்சு ஊத்துனா வெள்ளைக்கரு தண்ணியாட்டம் ஓடுது. ஆம்லெட்டு போட்டா தோசையாட்டம் பரவிப் போகுதுங்" என்றாள்.

"கல்லு சூடேறியிருக்காது" என்றேன்.

"இருவது வருசமா கல்லு வெக்கறேன். சூடு எனக்குத் தெரியாதுங்களாக்கும்?" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மதியம் ரசமும் துவையலும்தான்.

டிசம்பர் 6, வெள்ளி

தூறல். கொல்லிமலைப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாம் ஷெட்டில் தீனி மிச்சம் கிடக்கிறது. குளிர்தான் காரணம். எட்டு. எழுதியது ஐந்து.

டிசம்பர் 7, சனி

பதினொன்று. ஆறு என்று எழுதினேன். ஒரேயடியாக ஐந்து ஐந்து என்றால் பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும்.

ஓடு இல்லாத முட்டை, தோல் முட்டை, நேற்றும் இன்றும் அதிகம். தீனியில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கும். மில்லுக்குப் போன் செய்து கத்தினேன்.

டாக்டர் போனில் பேசினார். மூன்றாம் ஷெட்டில் செத்ததில் நாலு கோழியை ஐஸ் பெட்டியில் வைத்து நாமக்கல் லேபுக்கு அனுப்பச் சொன்னார், அறுத்துப் பார்க்க வேண்டுமாம். முதல்முறையாக அவர் லேபுக்குப் போகிற கோழி. நோஞ்சானாக, பின்பக்கம் பச்சையாகக் கழிந்துகொண்டு கிடந்ததை எல்லாம் எப்படி அனுப்புவது? பண்ணையைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நல்ல எடையாக, இறகு கலையாமல் இருந்த நாலைப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து அனுப்பினேன். அதில் இரண்டு ஒன்றாம் ஷெட்டுக் கோழி. பெட்டியைத் திறந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

டிசம்பர் 8, ஞாயிறு

பதினான்கு. எழுதியது ஆறு.

டிசம்பர் 9, திங்கள்

டாக்டர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, செருப்பு மாற்றி, எங்கள் குளியலறையில் குளித்து, எங்கள் உடையைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். முதலில் இளங்கோழிகள், பிறகு கிழட்டுக் கோழிகள், கடைசியாக மூன்றாம் ஷெட். சந்தேகம் இருக்கும் இடத்துக்குக் கடைசியில் போக வேண்டுமாம், அங்கே இருப்பதைக் காலில் ஒட்டி வேறெங்கும் கொண்டுபோகக் கூடாதாம். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

"அறுத்துப் பார்த்ததுல ஒண்ணுமே இல்லீங்கண்ணா. ரெண்டு கோழி கொழுப்பு அடைச்சுச் செத்திருக்குது, ரெண்டு முட்டை சிக்கி. நாலும் நெம்ப அழகான கோழிங்க" என்று சொல்லி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மூன்றாம் ஷெட்டில் விசில் அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெண்கள் இன்று சிரிக்கவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு நேராகச் சமையல்கட்டுக்குப் போய், "அக்கா, முட்டை ஒடைக்கிறவங்க நீங்கதானே? ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதுங்களா?" என்றார். பாவாயிக்கு அது போதுமானதாக இருந்தது. கல் சூடு பற்றி நான் சொன்னது உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டர் இரண்டு தட்டு கேட்டார். ஒன்றில் ஒன்றாம் ஷெட்டு முட்டை மூன்று, இன்னொன்றில் மூன்றாம் ஷெட்டு முட்டை மூன்று. கிழட்டுக் கோழியின் முட்டையே தட்டில் திரண்டு நின்றது. மூன்றாம் ஷெட்டு முட்டை உடைத்ததும் விளிம்புவரை ஓடியது. டாக்டர் தன் நோட்டில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'முதலில் கவனித்தவர்: பாவாயி, சமையல். தேதி 5' என்று இருந்தது. டாக்டர் போனபிறகு பாவாயி என்னிடம் மூன்று முறை வந்து அது என்ன எழுதினார் என்று கேட்டாள். மூன்று முறையும் அதையே சொன்னேன்.

பதினைந்து கோழியின் இறக்கையில் ரத்தம் எடுத்தார். தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்தார். கோழி அவர் கையில் துடிக்கவே இல்லை. "என்ன நோயுங்க?" என்றேன். "தெரியலீங்க" என்றார். முன்னால் இருந்த டாக்டர்கள் எல்லாம் கேட்டுக்குள் வரும்போதே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். தெரியவில்லை என்று தெளிவாகச் சொன்ன முதல் டாக்டர் இவர்தான். எனக்கு என்னவோ அந்தப் பதிலில் ஒரு நம்பிக்கை வந்தது.

"ராணிக்கெட்டா இருக்குமோன்னு சந்தேகம் இருக்குது. அந்தக் கழிச்சல் நோய்தான். ஆனா ராணிக்கெட்டுன்னா சாவு நாளுக்கு நாள் ஏறணும். உங்க ரெஜிஸ்டர்ல அஞ்சு, அஞ்சு, ஆறுன்னு நிக்குது. லேப் முடிவு 12ஆம் தேதி சாயங்காலம்தான் வரும். கோழி பிடிக்கிற ஆளுங்க 12 காலைல வர்றாங்க. அவங்கள விட்டா அப்புறம் பொங்கல் கழிச்சுத்தான் கிடைப்பாங்கன்னு முதலாளி சொல்றார்" என்று நிறுத்தினார்.

"இன்னைக்கு எத்தனைங்கண்ணா?"

"ஆறுங்க" என்றேன்.

"அப்ப உங்க கணக்குப்படி இது சாதாரணம். இளங்கோழிகளை மாத்தலாங்களா? நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க. 11ஆம் தேதி வர்றேன்."

இன்று பதினாறு.

டிசம்பர் 10, செவ்வாய்

காலையில் மூன்றாம் ஷெட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து விசில் அடித்துப் பார்த்தேன். காற்றும் எச்சிலும்தான் வந்தது. பிறகு தீனி வாளியைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். பன்னிரண்டாயிரம் கோழியும் வாயை மூடின.

அப்போது கேட்டது. கறக், கறக் என்று. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, கடைசி வரிசையில் ஒரு பத்து. சளி கட்டிய குழந்தை தூங்கும்போது வருமே, அந்த மாதிரி. எத்தனை நாளாக இது என் காதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்? ஒரு கோழி கழுத்தை முதுகுப் பக்கம் திருகி, கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கையில் எடுத்து நேராக்கினேன். விட்டதும் மறுபடி திருகிக்கொண்டது.

இருபத்து மூன்று.

ரெஜிஸ்டரை எடுத்து ஆறு என்று எழுதப் போனேன். எழுத வரவில்லை. இந்த நோட்டைத் திருப்பிக் கூட்டிப் பார்த்தேன். நேற்றுவரை முப்பத்து மூன்று கோழி எந்தத் தேதியிலும் சாகாமல் கிடக்கின்றன. குறைவாகச் சாகும் நாளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்தவை. அந்த நாள் வரவே இல்லை.

முதலாளியின் நெஞ்சுக்காக எழுதினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு நெஞ்சு நன்றாக இருந்த வருஷங்களிலும் ஐந்து என்றுதான் எழுதினேன். இதை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது.

கோழி பிடிக்கிற ஆட்களை ஒரு நாள் தள்ளி வரச் சொல்லலாம், தீனி வண்டி வரவில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்றும் யோசித்தேன். அப்படிச் செய்தால் இளங்கோழிகள் ஒரு நாள் தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். மறுநாள்? வாய் திறக்காமல் இதிலிருந்து வெளியே வர வழியில்லை.

டிசம்பர் 11, புதன்

கொடுத்துவிட்டேன்.

டாக்டர் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே, கேட்டுக்கு வெளியே வைத்து, இந்த நோட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு இறங்கினார். வண்டியில் சாய்ந்தபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டூரிங் டாக்கீஸ் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். துடைத்து அனுப்பிய கோழிகளைப் படித்தபோது நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பத்தாம் தேதியைப் படித்து முடித்து நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். "கோழி அத்தனை ஒழுங்காச் சாகாதுங்கண்ணா. ஒரு நாள் ரெண்டு சாகும், ஒரு நாள் ஒம்பது சாகும். உங்க ரெஜிஸ்டர் கோலமாட்டம் இருந்துச்சு" என்றார். முதல் நாள் அவர் சொன்னது பாராட்டு இல்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. தெரிந்திருந்தும் ஆட்கள் முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நோட்டைப் போடச் சொல்லியிருக்கிறார். இந்த மனுஷியைப் போய் விசில் அடிக்கிறார் என்று நக்கல் செய்துகொண்டிருந்தேன்.

பிறகு அவர் வேலை பார்த்த வேகம் இருக்கிறதே! பத்து நிமிஷத்தில் நாளை வரும் ஆட்களை நிறுத்தினார். மூன்றாம் ஷெட்டு ஆட்கள் வேறு எங்கும் கால் வைக்கக் கூடாது, அவர்களுக்குச் சாப்பாடு அங்கேயே போகும். மூன்றாம் ஷெட்டு முட்டை அட்டைகள் வெளியே போகக் கூடாது. இளங்கோழிகளுக்கு இருக்கும் இடத்திலேயே இன்றே தடுப்பு மருந்து. தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் மருந்து செத்துவிடும் என்று கிணற்றுத் தண்ணீரைத் தனியாக இறைக்க வைத்து, முகர்ந்து பார்த்து, பால் பவுடரைக் கரைத்து, தன் கையால் மருந்தைக் கலந்தார். ஒவ்வொரு கோழியும் குடிக்கிறதா என்று வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். நானும் குளித்து உடை மாற்றிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

இன்று இருபத்தேழு. அதில் பச்சையாகக் கழிந்து கிடந்த ஐந்தையும், கழுத்து திருகிய அந்தக் கோழியை உயிரோடும் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். துடைக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குப் போன். "ராணிக்கெட்டுத்தான்னு நெனைக்கிறேங்கண்ணா. இரைப்பையில வரிசையாச் செவப்புப் புள்ளி. பறவைக் காய்ச்சல் இல்லைன்னு உறுதி பண்ண அரசு ஆய்வுக்கூடத்துக்கும் மாதிரி அனுப்பிட்டேன்."

பறவைக் காய்ச்சல் என்றால் அரசாங்கமே வந்து பண்ணையில் ஒரு கோழி விடாமல் கொன்றுவிடும்.

டிசம்பர் 12, வியாழன்

முதலாளி வீட்டுக்குப் போனேன். வாசலில் மகள் நின்று, "என்னங்க மாமா, முகமே சரியில்லை?" என்றாள். "அப்பாவைப் பார்க்கணும் சாமி. திடுக்குனுதான் இருக்கும், ஆனாச் சொல்லித்தான் ஆகணும்" என்றேன். கூடவே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தனை?"

"இன்னைக்கு முப்பத்தொண்ணுங்க."

"நேத்து?"

"இருபத்தேழு."

"முந்தாநேத்து?"

நோட்டை விரித்து ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்ப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் தேதியின் ஏழுவரை வந்ததும், "உங்க நெஞ்சுக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேனுங்க. என் பேருக்காகத்தான் எழுதினேன். வேற ஆளு வெச்சுக்கறதுன்னாலும் சரிங்க" என்றேன். சொல்லக் கூச்சமாக இல்லை, அழுதுவிட்டேன்.

"சின்னக் கோழிக எப்பிடி இருக்குது?"

"ஒண்ணும் சாகலீங்க. டாக்டரம்மா நேத்தே தடுத்துட்டாங்க."

"மாத்தியிருந்தா?"

"நாலாம் ஷெட்டுக்கு முப்பது அடிதானுங்க. அதுகளும் போயிருக்கும்" என்றேன். மகள் கொடுத்த மாத்திரையை அவர் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் எத்தனைன்னு போன் பண்ணு. நெசத்தைச் சொல்லு. எனக்கு நெஞ்சு தாங்கும்ப்பா" என்றார்.

டிசம்பர் 14, சனி

லேப் முடிவு இரண்டு நாள் தள்ளி இன்றுதான் வந்தது என்று டாக்டர் போன் செய்தார். ராணிக்கெட் உறுதி. பறவைக் காய்ச்சல் இல்லை. போனை வைத்ததும் பாவாயிக்குத்தான் முதலில் ஓடிப் போய்ச் சொன்னேன்.

மூன்றாம் ஷெட்டில் நாற்பத்தி நாலு. முட்டை பாதியாகிவிட்டது. செத்ததைக் குழியில் போட்டு, சுண்ணாம்பு கொட்டி மூடினோம்.

சுற்றியிருக்கும் பண்ணைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் பக்கத்தில் இது வழக்கமே இல்லை. நோய் வந்தால் கேட்டைச் சாத்திக்கொண்டு, உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனதாகச் சொல்வார்கள். "ஒரே முட்டை வண்டி எல்லாக் கேட்டுக்கும் போகுது. நீங்க சொல்லலைன்னா அது சொல்லும்" என்றார் டாக்டர். ஏழு பண்ணைக்கும் நானே போன் செய்தேன். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். ஒருவர் இனி அந்தப் பக்கமே வர மாட்டேன் என்றார். ராக்கியண்ணன் மட்டும் சிரித்தான். "எங்களுக்கு எப்பவும்போல நாலுதான். உங்க டாக்டரு விசில் அடிக்கிறதாமே, அதுல கோழி பயந்து செத்திருக்கும்" என்று வைத்துவிட்டான்.

டிசம்பர் 17, செவ்வாய்

முப்பத்தெட்டு. நேற்று நாற்பத்தொன்று. இறங்குகிறது.

டிசம்பர் 18, புதன்

இருபத்தொன்பது. பாவாயி மூன்றாம் ஷெட்டு ஆட்களுக்குக் கறிக்குழம்பு வைத்து அனுப்பினாள். ஆட்டுக்கறி.

டிசம்பர் 20, வெள்ளி

பதினொன்று.

இளங்கோழிகளின் ரத்தத்தைச் சோதித்த முடிவைப் பார்க்க டாக்டர் லேபுக்கு வரச் சொல்லியிருந்தார். தொண்ணூற்றாறு குழி உள்ள சின்னத் தட்டு. குழியின் அடியில் குங்குமப் பொட்டு வைத்ததுபோலச் சிவப்பாகத் திரண்டிருந்தால், கோழியின் உடம்பு நோயைத் தடுக்கிறது என்று அர்த்தமாம். பொட்டு இல்லாமல் கலங்கிப் போயிருந்தால் தடுப்பு இல்லை. வரிசைக்கு ஒரு கோழி. அவர் விரலால் ஒவ்வொரு வரிசையாகக் காட்டிக்கொண்டு போனார். பொட்டு, பொட்டு, பொட்டு.

"பதினோராயிரமும் பிழைச்சுதுங்கண்ணா. இன்னும் ரெண்டு வாரம் பார்த்துட்டு மாத்தலாம்" என்றார். கண்ணுக்குக் கீழே கருவளையம். பத்து நாளாக ஒரு நாளைக்கு ஒரு பண்ணைதான், மீதி நேரமெல்லாம் லேப். இந்த மாத ஆரம்பத்தில் இவரைச் சின்னப் பிள்ளை என்று நினைத்தவனை இப்போது எதிரில் பார்த்தால் நானே அறைவேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "அய்யோ, என்னங்கண்ணா இது" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டிசம்பர் 21, சனி

மூன்றாம் ஷெட்டில் ஒன்பது.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது ராக்கியண்ணன் போனில் வந்தான். மழை வருமா என்றான். தீனி விலை ஏறுகிறதே என்றான். வெறுமனே மழை கேட்க அவன் எனக்குப் போன் செய்கிறவன் இல்லை. பேசட்டும் என்று காத்திருந்தேன்.

"வையாபுரி, நீ உங்க முதலாளிகிட்டச் சொன்னியாமே, எல்லாத்தையும். உன்னைய என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலை. தினமும் சாயங்காலம் நெசத்தைச் சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டு இருக்கறன்."

"வேலைய விட்டு நிறுத்தலையா?"

"இல்லப்பா."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "டாக்டரம்மா இன்னைக்கு உங்க பண்ணைக்கு வர்றாங்களா? அப்பிடியே எங்க கேட்டுப் பக்கம் கொஞ்சம் திரும்பச் சொல்றியா?" என்றான்.

"இன்னைக்கு எங்ககிட்ட வந்துட்டுப் போயிட்டாங்க. நோய் இருக்கற பண்ணைக்குப் போன உடம்போட அன்னைக்கே இன்னொரு பண்ணைக்கு வர மாட்டாங்க. நாளைக்குக் காலைல முதல் வேலையா உன் கேட்டுலதான் நிப்பாங்க, நான் சொல்லிர்றேன். அதுக்குள்ள முட்டை அட்டை எதையும் வெளிய விடாத. நோஞ்சான் கோழியாப் பார்த்து எடுத்து வை. எந்த நாள்ல இருந்து ஆரம்பிச்சுதுன்னுதான் அவங்க முதல்ல கேப்பாங்க. இன்னைக்கு எத்தனை?"

"எழுதினதா, செத்ததா?"

"செத்தது."

நோட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தேன். அவன் சொல்லச் சொல்ல எழுதியதை டாக்டருக்காக இங்கேயே வைத்திருக்கிறேன்.

ராக்கியண்ணன் பண்ணை, இரண்டாம் ஷெட். இன்று ஐம்பத்திரண்டு. நேற்று நாற்பத்தாறு. 19ஆம் தேதி நாற்பது. 18, முப்பத்து மூன்று. 17, இருபத்தாறு. 16, பத்தொன்பது. 15, பதினாறு. 14, பன்னிரண்டு, நான் போன் செய்த நாள். 13, எட்டு. 12, நாலு.

அந்த நாலு நிஜமான நாலுதான் என்று சத்தியம் செய்தான். நம்பி எழுதிக்கொண்டேன்.